எதிர்மறையைப் பதிப்பித்தல்: வீட்டு ஸ்கேனர், நிறம், விளிம்பு

1

பழைய போட்டோ நெகட்டிவ்களை வீட்டு மேசையிலேயே ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றிவிடலாம் என்பது இன்று ஒரு சாதாரணத் தொழில்நுட்பத் தகவல். இதில் விமர்சனத்துக்கு என்ன வேலை? "கடையில குடுத்தா செஞ்சு குடுக்கப் போறான், இதுக்கொரு கட்டுரையா?" என்று நண்பர் ஒருவர் கேட்கவும் செய்தார். அவர் கேள்விக்குள் ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. நெகட்டிவ் என்பது மூலம். ஸ்கேனர் என்பது அதை அப்படியே பிரதியெடுக்கும் கருவி. இடையில் மனிதன் பொத்தானை அமுக்குகிறவன் மட்டும். இந்த மூன்றுமே தவறு என்பதுதான் நான் சொல்லவருவது. நெகட்டிவை ஸ்கேன் செய்வது பிரதியெடுத்தல் அல்ல, பதிப்பித்தல். பதிப்பித்தல் என்றால் அதில் வாசிப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது, ஆகவே அதிகாரமும் இருக்கிறது.

தொண்ணூறுகளில் இயக்கக் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் படமெடுத்த தோழர் ஒருவரின் நெகட்டிவ்களை ஒன்றரை வருஷமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். அவர் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்ல. கடன் வாங்கிய காமிரா, கல்யாண வீட்டில் மிச்சமான பிலிம் ரோல், அவ்வளவுதான். நான்கு பிஸ்கட் டின்களில், லேப் உறைகளோடு, நாலு நாலு படமாக வெட்டப்பட்ட துண்டுகள். பிரிண்ட்டுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். நெகட்டிவை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. அவருக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லையோ என்று தோன்றுகிறது. 1995 கொடியங்குளம், 1997 மேலவளவு, 1999 தாமிரபரணி என்று நாம் ஆண்டு சொல்லி நினைவுகூரும் வரிசை முழுக்க பிலிம் காலத்துக்குள் நடந்தது. அந்தப் பத்தாண்டின் கட்பொருள் இன்று கடவுச்சொல் போட்ட கணினிகளில் இல்லை. எங்காவது பரணில், பீரோவின் அடித்தட்டில், சுருண்டு கிடக்கிறது.

2

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். கருவியைப் பற்றிப் பேசாமல் கருத்தியலை மட்டும் பேசுவது நம் சிற்றிதழ்ச் சூழலின் பழைய வியாதி.

சாதாரண ஸ்கேனர் காகிதத்தின் மேல் ஒளியை அடித்து, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். நெகட்டிவுக்கு அது உதவாது. ஒளி அதன் ஊடாகப் போக வேண்டும். ஆகவே மூடிக்குள்ளும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும். பிலிமைத் துடைத்து, அதற்கான பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டிக் கண்ணாடியின் மேல் வைக்கிறோம். பளபளப்பான பக்கம் ஒன்று, மங்கலான பக்கம் ஒன்று. மங்கல் பக்கம்தான் உருவம் படிந்த ரசாயனப் பூச்சு. மாற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும். பேனரில் உள்ள எழுத்து காட்டிக்கொடுத்துவிடும், எழுத்தில்லாத படத்தில் யாருக்கும் தெரியாது. பிலிம் கண்ணாடியில் நேராக ஒட்டினால் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் மாதிரி வளையம் வளையமாக நிறங்கள் தோன்றும். சட்டம் அதைத் தூக்கிப் பிடிப்பதற்கும்தான்.

35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 2400 புள்ளி என்று வைத்து ஸ்கேன் செய்தால் சுமார் 3400க்கு 2270, அதாவது ஏறத்தாழ 77 லட்சம் புள்ளிகள். அட்டைப்பெட்டியில் 6400 என்று போட்டிருக்கும். இந்த வகை மேசை ஸ்கேனர்கள் உண்மையில் பிரித்தறிவது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அதற்கும் மேலே 12800 என்று ஒன்று காட்டும். அது அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவே மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புவது. இதற்கு ஆங்கிலத்தில் இன்டர்போலேஷன் என்று பெயர். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தச் சொல் வேறிடத்தில் பழக்கம். மூல பாட ஆய்வில் இதை இடைச்செருகல் என்போம்.

இனிதான் விஷயம். ஸ்கேனர் பதிவு செய்வது தலைகீழான ஒளி. வெள்ளை வேட்டி கறுப்பாக, கறுத்த முடி வெள்ளையாக. கலர் நெகட்டிவாக இருந்தால் எல்லாவற்றின் மேலும் ஓர் ஆரஞ்சுத் திரை. பிலிமிலுள்ள சாயங்களின் குறைபாட்டை ஈடுகட்டுவதற்காகத் தயாரிப்பாளரே வைத்த திரை அது, பிலிமுக்குப் பிலிம் வேறுபடும். இதைக் கழித்து, தலைகீழாக்கி, 'இதுதான் கறுப்பு' 'இதுதான் வெள்ளை' என்று இரண்டு எல்லைகளை நட்டால்தான் நேர்ப்படம் கிடைக்கும். அந்த எல்லைகளை யார் நடுகிறார்கள்? நாம் 'ஆட்டோ'வில் விட்டிருந்தால் மென்பொருள் நடுகிறது. எல்லைக்கு வெளியே விழுந்த நுண்மைகள் அழிந்துபோகின்றன. அழிந்ததாக எந்த அறிவிப்பும் வராது.

3

நெகட்டிவ் இசைக்குறிப்பு மாதிரி, பிரிண்ட் அதை வாசித்துக் காட்டுவது மாதிரி என்று அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் சொல்லிவந்தார். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட்டும் எடுக்கலாம் என்கிறபோது 'அசல் பிரிண்ட் எது' என்ற கேள்வியே அர்த்தமிழக்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1930களிலேயே வாதிட்டார். இவர்களை மேற்கோள் காட்டி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நம்மிடமே இதைவிடப் பொருத்தமான ஓர் அனுபவம் இருக்கிறது. அது ஓலைச்சுவடி.

எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு நிறமில்லை. கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கரி நின்று எழுத்து எழும்பும். எழும்பினாலும் வாசிப்பு முடிந்துவிடவில்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லைப் பிரிக்க இடைவெளி இல்லை. ஆக, சுவடியில் இருப்பது கவிதை அல்ல, கவிதையாவதற்கான சாத்தியங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து அச்சில் நிறுத்துகிறவர் பதிப்பாசிரியர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்தது இதைத்தான். அவரைக் கொண்டாடுகிறவர்கள் 'கண்டெடுத்தார்' என்கிறார்கள். 'தீர்மானித்தார்' என்பதே சரி. அப்படித் தீர்மானித்ததை மறைக்காமல், பிற பாடங்களை அடிக்குறிப்பில் கொடுத்ததில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது. சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தார். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் வெற்றிடமாகவே நிற்கின்றன. மற்றதை இழுத்து எண்ணை நிரவிவிடவில்லை.

வீட்டு ஸ்கேனருக்கு முன்னால் உட்கார்கிற நமக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. நெகட்டிவ் சுவடி. கரி தடவுவது ஸ்கேன். நேர்ப்படம் ஒரு பாடம், பல பாடங்களில் ஒன்று. அடிக்குறிப்பு எங்கே என்பதுதான் என் கேள்வி. நம் தோழர்கள் பகிர்ந்துகொள்ளும் 'பழைய இயக்கப் படங்கள்' எதிலாவது எதை வெளுத்தோம், எதை வெட்டினோம் என்ற ஒரு வரி உண்டா?

4

எல்லையை நடுவது அப்பாவித்தனமான காரியமல்ல என்பதற்குப் புகைப்பட வரலாறே சாட்சி. 1950கள் முதல் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயரே உண்டு. அவர் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கறுப்புத் தோலின் நுண்வேறுபாடுகள் பதிவாகாதது நீண்டகாலம் ஒரு குறையாகவே கருதப்படவில்லை என்பதும், சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே அழுத்தம் வந்தது என்பதும் அவர் வெளிக்கொணர்ந்த செய்திகள். 1970களின் இறுதியில் மொசாம்பிக் போன கோதார், கோடக் பிலிமை நிறவெறி கொண்டது என்று ஒதுக்கியதும் பலரால் எழுதப்பட்டிருக்கிறது. 1970இல் போலராய்டு நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர்கள் கேரலைன் ஹண்டரும் கென் வில்லியம்ஸும், தங்கள் கம்பெனியின் காமிரா தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களின் பாஸ் புத்தகத்துக்குப் படமெடுக்கப் போகிறது என்று கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் கம்பெனி அங்கே விற்பனையை நிறுத்தியது. ஆக ஒருபுறம் கறுப்புத் தோலைக் காணமாட்டேன் என்கிற பிலிம், இன்னொரு புறம் கண்காணிப்பதற்காக மட்டும் காணுகிற காமிரா.

இது வெள்ளைக்காரன் விவகாரம் என்று நாம் கைகழுவிவிட முடியாது. சிவந்த தோலுக்குக் 'கலர்' என்று பெயர் வைத்திருக்கிற மொழி நம்முடையது. "பொண்ணு நல்ல கலரு" என்கிறபோது கறுப்பு ஒரு நிறமே இல்லை என்றாகிறது. ஸ்டூடியோவில் "கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்காத குடும்பம் எத்தனை? கறுப்பு வெள்ளைக் காலத்தில் இதற்கென்றே 'டச்சிங்' என்றொரு வேலை இருந்தது. நெகட்டிவில் முகத்தின் மேல் கூரிய பென்சிலால் நுண்ணிய கோடுகள் போடுவார்கள். நெகட்டிவில் கறுக்கிற இடம் பிரிண்ட்டில் வெளுக்கும் அல்லவா? முகத்தைக் கறுப்பாக்கி முகத்தை வெளுப்பாக்கும் கலை. பழைய பெரிய அளவு ஸ்டூடியோ நெகட்டிவைச் சாய்த்து ஒளியில் பிடித்தால் அந்தப் பென்சில் கோடுகள் இன்றும் தெரியும். சாதிச் சமூகத்தின் அழகியல் கையெழுத்துப் போட்டிருக்கும் இடம் அது.

தோழரின் நெகட்டிவ்களுக்கு வருகிறேன். 1991, அம்பேத்கர் நூற்றாண்டு ஊர்வலம். மத்தியான வெயில். வெள்ளைச் சட்டைகள், பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். லேப் கொடுத்த பிரிண்ட்டில் சட்டைகள்தான் ஊர்வலம் போகின்றன. முகங்களின் இடத்தில் கறுப்புத் திட்டு. காரணம் தெளிவானது. லேப் மிஷின் படம் முழுக்கச் சராசரி எடுத்து, அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவர முயலும். வெள்ளை அதிகமுள்ள படத்தை இன்னும் இருட்டாக்கும். ஏற்கெனவே இருண்ட முகம் காணாமல் போகும். ஆபரேட்டர் விசையை ஒரு படி மாற்றியிருந்தால் போதும். மணப்பெண் படமாக இருந்தால் மாற்றியிருப்பார். சேரிக்காரர்களின் ஊர்வலத்துக்கு யார் மெனக்கெடுவது?

அதே நெகட்டிவைக் கண்ணாடியில் வைத்து, ஆட்டோவை நிறுத்தி, ஒரு வண்ணத்துக்கு 256 படிகளுக்குப் பதில் 65,536 படிகளில் பதிவு செய்தபோது முகங்கள் திரும்பி வந்தன. நெற்றி வியர்வை, கோஷமிடும் வாயின் பல்வரிசை, ஒரு கிழவரின் கன்னக்குழி. முப்பது வருஷத்துக்கு மேல் அவை அங்கேதான் இருந்தன. பிலிம் பார்த்திருக்கிறது, பிரிண்ட்தான் பார்க்கவில்லை. அதே படத்தை ஆட்டோவில் விட்டுப் பார்த்தேன். மென்பொருள் முகங்களைத் தூக்கி வெளுத்து, சாம்பல் பூசினமாதிரி ஆக்கியது. ஒரு வாசிப்பு கறுப்பை இருட்டாக்கியது, இன்னொன்று கறுப்பைக் 'கலர்' ஆக்கியது. இரண்டிலும் கறுப்பு கறுப்பாக இருக்க அனுமதியில்லை.

5

தூசி பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஸ்கேனர்கள் சிலவற்றில் அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசியையும் கீறலையும் தானே நீக்கும் வசதி இருக்கிறது. கலர் பிலிமில் கழுவி முடித்தபின் மிஞ்சுவது சாயங்கள் மட்டும். அகச்சிவப்பு அவற்றை ஊடுருவிப் போய்விடும், தூசியில் மட்டும் தடைபடும். எங்கே தடைபட்டதோ அதை அழித்துச் சுற்றுப்புறத்தால் நிரப்பிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வழக்கமான கறுப்பு வெள்ளை பிலிமில் உருவமே வெள்ளியால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே மிஷின் உருவத்தையே அழுக்கு என்று எடுத்துக்கொண்டு மெழுகத் தொடங்கிவிடுகிறது. வழிகாட்டிப் புத்தகங்கள் 'கறுப்பு வெள்ளைக்கு இதைப் பயன்படுத்தாதீர்' என்று ஒரு வரியில் முடிக்கின்றன. எது உருவம், எது அழுக்கு என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு விதியைப் பொறுத்தது, அந்த விதிக்குப் பொருந்தாதவர் அழுக்காகிவிடுவார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கோட்பாட்டு நூலும் எனக்குச் சொன்னதில்லை.

விளிம்பு அடுத்தது. பிலிமின் இரண்டு ஓரங்களிலும், பல்துளைகளுக்குப் பக்கத்தில், தயாரிப்பாளர் பெயர், பிலிம் வகை, 1 முதல் 36 வரை பட எண்கள் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். எந்தப் படத்துக்குப் பின் எது எடுக்கப்பட்டது, எந்த எண் காணாமல் போனது என்று சொல்கிற ஒரே சாட்சி அது. ஸ்கேனரின் சட்டமும் மென்பொருளும் ஒன்றுசேர்ந்து இந்த ஓரத்தை மறைத்து, படத்தை மட்டும் அழகாக வெட்டிக் கொடுக்கின்றன. தோழரின் ஒரு ரோலில் 14க்குப் பின் 19 வருகிறது. நடுவிலிருந்த நான்கும் யார் கேட்டு யார் எடுத்துப் போனதென்று அவருக்கே நினைவில்லை. விளிம்பை வெட்டியிருந்தால் அப்படியொரு இழப்பு நடந்ததே தெரியாது. 267, 268 என்று வெற்றிடத்தை விட்டுவைக்கிற பதிப்பு மரபு உள்ள மொழியில், விளிம்புநிலை மக்களைப் பற்றி ஓயாமல் எழுதுகிற நாம், பிலிமின் விளிம்பை வெட்டி எறிவதில் இருக்கிற முரண் சிரிப்புக்குரியது.

இங்கே ஒரு மறுப்பு வரும். "எல்லாம் வாசிப்புதான் என்றால் எது வேண்டுமானாலும் செய்யலாமே? அப்புறம் ஆதாரம் என்று ஒன்று உண்டா?" தொண்ணூறுகளில் பின்நவீனத்துவத்தை நோக்கி எறியப்பட்ட அதே கேள்வி. நெகட்டிவே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஒளி படாத இடத்தில் பிலிம் வெற்றாக இருக்கும். அங்கே எத்தனை படிகளில் ஸ்கேன் செய்தாலும் ஒன்றும் வராது. வாசிப்புகள் பல, ஆனால் வரம்பற்றவை அல்ல. அந்த வரம்பை மீறுவதுதான் இடைச்செருகல். இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மங்கலான முகத்தைக் கொடுத்தால் கண், மூக்கு, இமைமயிர் எல்லாம் வைத்துத் தெளிவாகத் திருப்பித் தருகிறது. அது நம் ஊர்வலத்தில் வந்தவர் முகமல்ல. எங்கெங்கோ எடுத்த லட்சக்கணக்கான முகங்களின் சராசரி. கொல்லப்பட்ட ஒருவரின் ஒரே படத்தை அப்படித் 'தெளிவுபடுத்தி' சுவரொட்டியில் போடும்போது அவரை இரண்டாம் முறை இல்லாமலாக்குகிறோம்.

6

பெரிய நிறுவனங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் எண்மயமாக்கியது முக்கியமான வேலை. ஆனால் ஸ்டூடியோவுக்குப் போய் நின்று படமெடுத்துக்கொள்ள முடிந்தவர்களின் வரலாறுதான் ஸ்டூடியோ ஆவணத்தில் இருக்கும். தெருவில் நின்றவர்களின் நெகட்டிவ் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதற்கு நிறுவனம் வராது. வந்தாலும் காத்திருக்க நேரமில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை படர்கிறது, கலர்ச் சாயம் மங்குகிறது, அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கிறது. ஊட்டியில் 1967 முதல் உற்பத்தி செய்து 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் விற்ற அரசு நிறுவனமே இன்று மூடிக்கிடக்கிறது. எத்தனையோ ஸ்டூடியோக்கள் நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பவர்களுக்கு எடைக்குப் போட்டுவிட்டன. முகங்களை உருக்கி வெள்ளி எடுத்த கதை அது.

ஆகவே வீட்டு ஸ்கேனரை நான் பரிந்துரைக்கவே செய்கிறேன், சில நிபந்தனைகளோடு. முதலில் துண்டுகளை விளிம்போடு சேர்த்துக் கண்ணாடியில் பரப்பி ஒரு பதிவு. அடுத்து ஒவ்வொரு படத்தையும் தலைகீழாக்காமல், திருத்தாமல், முழுப் படிகளில் ஒரு பதிவு. அது நம் சுவடி, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. திருத்துவதெல்லாம் அதன் நகலில். திருத்தியதை ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போடக் கூடாது. நாளை வருகிறவர் நம் பாடத்தை மறுத்து வேறு பாடம் சொல்ல அது வேண்டும்.

கடைசியாக ஒன்று. பதிப்பு என்ற சொல்லுக்கு வெளியிடுதல் என்றும் பொருளுண்டு. ஸ்கேன் செய்ததாலேயே வெளியிடும் உரிமை வந்துவிடாது. பிரிண்ட்டில் இருட்டாகக் கிடந்த முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். காவல்துறையும் முகமறியும் மென்பொருள் வைத்திருக்கிற காலம் இது. 1991இல் கோஷமிட்டவர் இன்று என்ன வேலையில், எந்த ஊரில், யார் தயவில் இருக்கிறாரோ. படங்களை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய்க் காட்டிக் கேட்பதுதான் முறை. நான் போனபோது ஒரு பெண் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா இவ்ளோ கறுப்பா இருந்தாரா?" என்றார். வெளுத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனா பேரோட போடுங்க" என்றார். எல்லையை நடும் உரிமை அவருடையது. அவர் சொன்னதை அந்தப் படத்துக்கு அடிக்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வருகிறதென்றால் அதிக நாள் இல்லை.